தோட்டத்துக்குக் குடிவந்து முதல் பங்குனியா? இதைப் படித்துவிட்டு மோட்டாரைப் போடுங்கள்

தை நோம்பிக்கு, அதாவது பொங்கல் பண்டிகைக்கு, ஊருக்கு வந்து, பச்சையாக நிற்கிற தென்னையையும் கட்டுத்தரையில் துள்ளுகிற கன்றுக்குட்டியையும் பார்த்துவிட்டு, போதும் இந்த டவுன் பிழைப்பு, தோட்டத்துக்கே வந்துவிடலாம் என்று முடிவெடுக்கிறவர்கள் நிறையப் பேர். நானும் அப்படி வந்தவள்தான். காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் ஆறு ஏக்கர். மூன்றில் தென்னை, ஒன்றரையில் கொறங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் காடு), மீதி மழையைப் பார்த்து விதைக்கிற மேட்டாங்காடு. வீட்டுக்காரர், மாமியார், இரண்டு குழந்தைகள், மூன்று மாடு, எட்டு ஆடு, ஒரு நாய். இது எங்களுக்கு ஒன்பதாவது கோடை. முதல் கோடையில் எதெல்லாம் தெரியாமல் தவித்தேனோ அதை மட்டும் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் சித்திரையும் வைகாசியும்தான் இளவேனில். தென்றல், மாந்தளிர், குயில் எல்லாம் அதில் வரும். குயில் இங்கேயும் கூவுகிறது, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் ஈரோடு, கரூர் பரமத்திப் பக்கமெல்லாம் 40 டிகிரியைத் தாண்டுகிற காலம் அது. நம்ம பக்கத்துக்கு வசந்தம் என்று ஒன்று இருந்தால் அது மாசிக் கடைசியும் பங்குனி முதல் பாதியும்தான். காலையில் இன்னும் லேசாகக் குளிர் இருக்கும், வேம்பு துளிர்க்கும், புளி பழுத்துத் தொங்கும், கிணற்றில் தண்ணீரும் கிடக்கும். சித்திரைக்கு என்ன வேண்டுமோ அதையெல்லாம் இந்த நாலைந்து வாரத்தில் முடித்துக்கொள்ள வேண்டும். சித்திரை வந்த பிறகு ஆரம்பித்தால் ஆளும் கிடைக்காது, உடம்பும் கேட்காது.

முதலில் கிணறு

ஒரு கயிறு, அதன் முனையில் ஒரு கல். பத்தடிக்கு ஒரு முடிச்சு. மாசி அமாவாசையன்று கிணற்றில் விட்டு எத்தனை அடித் தண்ணீர் என்று பாருங்கள். தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி வையுங்கள். அடுத்த அமாவாசைக்கு மறுபடியும். பங்குனியில் ஒரு மாசத்துக்கு எத்தனை அடி இறங்குகிறது என்று தெரிந்துவிட்டால் சித்திரைக் கணக்கு உங்கள் கையில்.

இதைச் சொல்கிற யோக்கியதை எனக்கு எப்படி வந்தது என்றால், முதல் வருசம் நாங்கள் கிணற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கிணற்றுக்குள் நீர்மூழ்கி மோட்டார், ஆட்டோ ஸ்டார்ட்டர், மும்முனைக் கரண்ட் வந்தால் தானாக ஓடும், போனால் தானாக நிற்கும். நிம்மதி என்று நினைத்தோம். ஊர் நோம்பிக்கு நாலு நாள் இருக்கும்போது, நடுராத்திரி கரண்ட் வந்திருக்கிறது, மோட்டார் ஓடியிருக்கிறது, தண்ணீர் மோட்டாருக்குக் கீழே இறங்கியிருக்கிறது. இந்த மோட்டாருக்குச் சுற்றி நிற்கிற தண்ணீர்தான் குளிர்ச்சி. தண்ணீர் இல்லாமல் விடியும்வரை சும்மா சுற்றினால் என்ன ஆகும்? மோட்டாருக்குள் இருக்கிற கம்பிச் சுற்று, காயில் (coil) என்பார்கள், கருகிவிட்டது. மேலே தூக்கி, வண்டியில் ஏற்றி, காயில் கட்டுகிற கடைக்குக் கொண்டுபோனால் எங்களுக்கு முன்னால் ஒன்பது மோட்டார் வரிசையில் கிடக்கிறது. வீட்டில் ஒரம்பரை (விருந்தாளிகள்) பதினேழு பேர், குடத்தில் தண்ணீர் இல்லை. டேங்கர் வாங்கிச் சமாளித்தோம். மாமியார் சத்தம்கூடப் போடவில்லை. "கெணத்த எட்டிப் பாத்தியா அம்மிணி? நீங்க ரெண்டு பேரும் சுவிச்சைத்தான பாத்தீங்க" என்று மட்டும் சொன்னார். அது போதுமே.

ஆகவே மாசியிலேயே இரண்டு வேலை. மோட்டார் எத்தனை அடியில் தொங்குகிறது என்று தெரிந்துகொண்டு, தேவைப்பட்டால் இப்போதே பத்தடி இறக்கி விடுங்கள். இன்னொன்று, தண்ணீர் இல்லாவிட்டால் தானாக மோட்டாரை நிறுத்துகிற கருவியை ஸ்டார்ட்டர் பெட்டியில் மாட்டச் சொல்லுங்கள். காயில் கட்டுகிற செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. போர்வெல்லில் கம்ப்ரசர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி கொஞ்சம் குறைவு, அவர்களுக்கு வேறு தலைவலி.

விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம்தான், 1990லிருந்தே. ஆனால் மும்முனை எந்த நேரத்துக்கு வரும் என்பதுதான் நம்மை ஆட்டி வைக்கும். ராத்திரி முறை வந்தால் வால்வு மாற்றப் போகிறவர் கையில் டார்ச்சும் காலில் பூட்சும் இல்லாமல் வீட்டுப் படி இறங்கக் கூடாது, எங்கள் வீட்டில் இது சட்டம். பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்) வாய்க்கால் பாசனம் உள்ளவர்கள் உங்கள் மண்டலத்துக்கு எப்போது முறை என்று பக்கத்துத் தோட்டத்தாரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முறை வருகிற வருசமும் வராத வருசமும் ஒன்றல்ல.

தென்னைக்குக் கோடையில் ஒரு நாளைக்கு அறுபது லிட்டருக்கு மேல் தண்ணீர் கொடுத்தால் நல்லது. தட்டுப்பாடு என்றால் நாற்பது நாற்பத்தைந்தில் தாட்டலாம், மரம் சாகாது, காய் சிறுக்கும். கணக்கு எளிது. சொட்டுநீர்ப் பாசனத்தில் ஒரு மரத்துக்கு மணிக்கு எட்டு லிட்டர் விடுகிற சொட்டுவான் நாலு என்றால் மணிக்கு முப்பத்திரண்டு லிட்டர், இரண்டு மணி நேரத்தில் அறுபத்து நாலு. இது காகிதத்தில். காட்டில் பாதிச் சொட்டுவான் உப்படைத்துக் கிடக்கும். மாசியில் ஒரு நாள் ஒவ்வொரு லைனின் கடைசி முனையையும் திறந்துவிட்டு, கலங்கல் போய்த் தெளிவாக வருகிறவரை ஓட விடுங்கள். அப்புறம் ஒரு சொம்பை வைத்து, எந்த மரத்தில் எவ்வளவு விழுகிறது என்று பிடித்துப் பாருங்கள். குழந்தைகளிடம் விட்டால் அழகாகச் செய்வார்கள்.

டியூப்பை அணில் கடிக்கும். எலி என்று நினைத்து நாங்கள் எலிப்பொறி வைத்தோம், ஒன்றும் மாட்டவில்லை. ஒரு நாள் மத்தியானம் பார்த்தால் ஒரு அணில் டியூப்பைக் கடித்து, பீய்ச்சி அடிக்கிற தண்ணீரில் முகத்தை வைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறது. தாகம், வேறென்ன. அன்றிலிருந்து பத்து மரத்துக்கு ஒரு மண்சட்டி வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறோம். கடி பெருமளவு குறைந்துவிட்டது. மயிலும் வந்து குடிக்கும். மயிலுக்குத் தண்ணீர் வைத்ததற்காகப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்னோடு இரண்டு மாசம் பேசவில்லை, அவர் தக்காளி போட்டிருந்தார்.

தேங்காய் மட்டையை விற்காமல் கொஞ்சம் வைத்துக்கொண்டு, மரத்தைச் சுற்றி ஆறடிக்குள் முதுகு மேலே பார்க்கிற மாதிரி கவிழ்த்துப் போடுங்கள். ஈரம் நிற்கும், களை முளைக்காது. ஓலையின் அடியில் வெள்ளையாகச் சுருள் சுருளாகப் பூசியிருந்தால் அது வெள்ளை ஈ, 2016ல் பொள்ளாச்சிப் பக்கம் வந்தது, கோடையில் கூடும். கண்ட மருந்தையும் அடித்தால் அதைத் தின்கிற நல்ல பூச்சியும் சேர்ந்து செத்துவிடும். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், ஓலைக்கு அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். அதற்கு மேல் வேளாண்மை அலுவலரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பகலை இரண்டாக வெட்டுங்கள்

டவுனிலிருந்து வந்தவர்கள் செய்கிற பெரிய தப்பு, ஒன்பது மணிக்கு வேலையை ஆரம்பிப்பது. பங்குனியில் ஒன்பது மணிக்கு வேலை முடிந்திருக்க வேண்டும். வெள்ளென எழுந்து, நாலரை ஐந்துக்குப் பால் பீய்ச்சி, சாணி எடுத்து, ஆறுக்குக் காட்டுக்குள் இறங்கினால் ஒன்பதரைக்குத் திரும்பிவிடலாம். பதினொன்றிலிருந்து மூன்றரை வரை பகலே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் திண்ணை, வேப்பமர நிழல், தூக்கம். பொழுது சாய மறுபடியும் இரண்டு மணி நேரம். முதலில் எனக்கு மத்தியானம் படுக்கக் கூச்சமாக இருந்தது, சோம்பேறி என்று நினைப்பார்களோ என்று. மூன்றாம் நாள் தலை சுற்றிக் களத்தில் உட்கார்ந்த பிறகு கூச்சம் போய்விட்டது.

சாப்பாடும் இதற்கேற்ற மாதிரிதான். காலையில் காட்டுக்குத் தூக்குப்போசியில் கம்மஞ்சோற்றுக் கரைசல், மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ள. மத்தியானம் அடுப்பு எரிக்கவே கூடாது என்கிற கட்சி நான். காலையிலேயே சோறு ஆக்கிவிட்டால் மத்தியானத்துக்குப் பச்சைப்புளி ரசம் போதும். புளியைக் கரைத்து, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லி, சீரகம் நசுக்கிப் போட்டு, கையால் பிசைந்துவிட்டால் ஆச்சு, கொதிக்க வைக்கிற வேலை இல்லை. நுங்கும் தெளுவும் (பதநீர்) கிடைக்கிற காலம் இது. தெளுவு விடியற்காலையில் மரத்தடியிலேயே குடிப்பதுதான். வெயில் ஏறினால் புளித்துவிடும்.

மாடு, ஆடு

தட்டுப்போர் (காய்ந்த சோளத்தட்டு அடுக்கின போர்) எவ்வளவு இருக்கிறது என்று மாசியில் பாருங்கள். ஆடி மழை பேய்ந்து புல் வருகிறவரை அதுதான் தீனி. போதாது என்று தோன்றினால் இப்போதே சோளத்தட்டு வாங்கிவிடுங்கள், சித்திரையில் விலை எகிறும். போரை வீட்டிலிருந்தும் கரண்டு கம்பியிலிருந்தும் தள்ளிப் போடுங்கள், பக்கத்தில் அடுப்புச் சாம்பலைக் கொட்டாதீர்கள். மாட்டுக்கு நாலைந்து தடவை தண்ணீர் காட்டுங்கள். தொட்டி வெயிலில் இருந்தால் தண்ணீர் சுட்டுப்போய் மாடு மோந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும், நிழலுக்கு மாற்றுங்கள். கோமாரி ஊசி முகாம் எப்போது என்று கால்நடை மருந்தகத்தில் கேட்டு வையுங்கள்.

இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கோடை மழை ஒன்று விழுந்ததும், அறுத்துவிட்ட சோளக் கட்டையிலிருந்து இளம் துளிர் வரும். பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருக்கும், மாடு பாய்ந்துகொண்டு போகும். விடவே விடாதீர்கள். இளஞ்சோளத்திலும், வெயிலில் வாடின சோளத்திலும், கட்டைத் துளிரிலும் விஷம் ஏறியிருக்கும். தின்ற கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கி, நுரை தள்ளி, மாடு விழுந்துவிடும். எங்கள் இட்டேரிக்கு (இரண்டு வேலிக்கு நடுவில் போகிற வண்டித்தடம்) அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் சினை மாடு ஒன்று அப்படித்தான் போச்சு, அவிழ்த்துக்கொண்டு ஓடிய மாடு, கால் மணி நேரம்கூட மேயவில்லை. பயிர் பூட்டை (கதிர்) வாங்கின பிறகு அறுத்து, நன்றாகக் காய்ந்த தட்டு என்றால் பயமில்லை. தப்பித் தவறித் தின்றுவிட்டால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள், நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கு 1962.

கொறங்காடு இருக்கிறவர்களுக்கு: கிளுவை வேலி இலை உதிர்த்து நிற்கிறபோதுதான் சந்து எங்கே இருக்கிறது என்று தெரியும். இப்போதே முள் வெட்டி அடைத்துவிடுங்கள். கொழுக்கட்டைப் புல் காய்ந்து கிடந்தாலும் ஆட்டுக்கு வெள்வேலங்காய் விழும், அதற்குப் பொறுக்கித் தின்னத் தெரியும், நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். காங்கேயம் கன்று சிவப்பாகப் பிறந்திருக்கிறதே, கலப்போ என்று கேட்டு என்னிடமே இரண்டு பேர் போன் பண்ணியிருக்கிறார்கள். கலப்பில்லை. சிவப்பாகத்தான் பிறக்கும், ஆறு மாசத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். நல்ல மாடு பார்க்க வேண்டும் என்றால் சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு ஒரு நடை போங்கள், வாங்காவிட்டாலும் கண்ணுக்கு விருந்து.

புளியும் வேப்பம்பூவும்

வருசத்துப் புளியை மாசி, பங்குனியில் எடுத்துவிட வேண்டும், மழை விழுந்தால் கறுத்துவிடும். உலுக்குவதற்கு மரம் ஏறத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், புளியமரக் கிளை திடீரென்று ஒடிகிற ரகம் அல்ல, ஆனாலும் ஏறத் தெரியாதவர் ஏறினால் எந்த மரமும் ஒன்றுதான். பழத்தை இரண்டு நாள் களத்தில் காயவிட்டால் ஓடு தானாகக் கழன்றுகொள்ளும். ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுக்க வேண்டும். மத்தியான நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை இது. மாமியார் ஒரு கையில் சின்னக் கட்டை, கீழே வழவழப்பான ஒரு கல், பழத்தை நிமிர்த்தி வைத்து ஒரே தட்டு, கொட்டை தெறித்து விழும். நான் தட்டினால் கொட்டை உடையும், இல்லை விரல் நசுங்கும். "பழத்த அடிக்காத அம்மிணி, கொட்டையத் தட்டு" என்பார். அந்த வித்தியாசம் கைக்குப் புரிய எனக்கு இரண்டு வருசம் ஆனது. நாலு நாள் தொடர்ந்து எடுத்தால் விரல் நுனி புண்ணாகும், ராத்திரி விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு படுங்கள். கொட்டை எடுத்ததை இன்னொரு வெயில் காட்டி, கல்லுப்பை இடையிடையே தூவி, மண்பானையில் அமுக்கி அடைத்துவிடுங்கள். எவர்சில்வர், அலுமினியம் எதுவும் வேண்டாம், புளிப்பு அரித்துவிடும். பழம்புளி வேண்டும் என்று கேட்கிற ஒரம்பரைக்காகவே ஒரு பானையைப் பிரிக்காமல் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

வேப்பம்பூவுக்குப் பழைய சேலை ஒன்றை ராத்திரியே மரத்தடியில் விரித்துவிட்டால் காலையில் கூட்டி அள்ளலாம். நிழலில் காயவையுங்கள். மோர்மிளகாய்க்கு மிளகாயைக் கீறி, புளித்த மோரில் உப்புப் போட்டு ஊறவைத்து, பகலில் வெயில், ராத்திரி மறுபடியும் அதே மோர் என்று மோர் வற்றுகிறவரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். காவலுக்கு ஒரு குழந்தை, காக்காய்க்கும் கோழிக்கும். அந்தக் குழந்தைக்குக் காவலுக்கு ஒரு பெரியவர், இல்லாவிட்டால் கொத்தவரை வத்தல் பாதி காயும்போதே காணாமல் போகும்.

குழந்தைகள், கிணறு, பாம்பு

லீவு விட்டதும் நீச்சல். எங்கள் பக்கத்துக் கிணறு பாறையில் வெட்டினது, ஆழம், படி குறுகல். காய்ந்த சுரைப்புருடையை முதுகில் கட்டி அந்தக் காலத்தில் பழக்கினார்கள், இப்போது லாரி டியூப்போ மூடின பிளாஸ்டிக் கேனோ கட்டுகிறோம். எங்கள் சட்டம் மூன்றுதான்: பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும், மோட்டார் மெயின் சுவிட்ச் அணைத்திருக்க வேண்டும், தண்ணீர் எவ்வளவு என்று கயிறு விட்டுப் பார்க்காமல் மேலேயிருந்து குதிக்கக் கூடாது. போன வருசம் பதினைந்து அடி இருந்த இடத்தில் இந்த வருசம் ஐந்தடி இருக்கலாம், பாறை அப்படியேதான் இருக்கும்.

வெக்கைக்கு வாசலில் படுப்பதும் இந்தக் காலத்தில்தான். தரையில் படுக்காதீர்கள். கட்டில் போட்டு, கொசுவலையைக் கட்டி, நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். கட்டுவிரியன் ராத்திரியில் வருகிறது, தூங்குகிறவரைக் கடித்தால் பல நேரம் வலிகூடத் தெரியாது. கண்ணாடி விரியன் தட்டுப்போர், மட்டைக் குவியல் பக்கம் கிடக்கும், குக்கர் விசில் மாதிரிச் சீறும். விறகையும் மட்டையையும் வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள், கோழித்தீனி சிந்தினால் எலி, எலி வந்தால் பாம்பு. கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், மந்திரிக்கப் போய் நேரத்தைக் கெடுக்காதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல், நடக்கவிடாமல், 108க்குப் போன் பண்ணி அரசு மருத்துவமனைக்குப் போங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். உங்கள் தோட்டத்துக்கு வழி சொல்வது எப்படி என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பதற்றத்தில் "இட்டேரி தாண்டி ரெண்டாவது தடம்" என்று சொன்னால் வண்டிக்காரருக்கு என்ன புரியும்?

நோம்பி

மாரியம்மன் நோம்பி எங்கள் ஊரில் பங்குனிக் கடைசியில் சாட்டுவார்கள். பூச்சாட்டு, கம்பம் நடுவது, விடியற்காலையில் பெண்கள் மஞ்சத்தண்ணீர் கொண்டுபோய்க் கம்பத்துக்கு ஊற்றுவது, மாவிளக்கு, கிடாய், ஒரம்பரை. வீட்டுவேலை என்று பார்த்தால் கிடாயைத் தையிலேயே வாங்கி வளர்த்துவிடுங்கள். வாசலில் தென்னங்கீற்றுப் பந்தலை மாசியிலேயே போட்டுவிட்டால் நோம்பிக்கும் ஆச்சு, மத்தியான நிழலுக்கும் ஆச்சு. இரண்டு டிரம் தண்ணீர் தனியாகப் பிடித்து மூடி வையுங்கள், ஏன் என்று மேலேயே சொல்லிவிட்டேன். ஊரே கோயிலில் இருக்கிற ராத்திரி தனித் தோட்டத்து வீட்டைப் பூட்டிவிட்டுப் போகாமல் ஒருவர் மாற்றி ஒருவர் இருங்கள், நாயை அவிழ்த்து விடுங்கள்.

முதல் மழை

சித்திரையில் ஒரு சாயங்காலம் மேற்கே கறுத்து, காற்று சுழற்றி, இடியோடு ஒரு மழை வரும். வாழை போட்டவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிற நேரம். இடி இடிக்கும்போது தென்னைக்கு அடியில் நிற்காதீர்கள், மாட்டையும் கட்டாதீர்கள். களத்தில் காய்கிற புளி, வத்தல், கொப்பரை எல்லாவற்றையும் மூடத் தார்ப்பாய் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், எங்கள் வீட்டில் அது எனக்கு மட்டும் தெரியாது என்று இன்றும் கேலி பேசுகிறார்கள்.

அந்த மழையில் கோடை உழவு ஓட்டிவிட வேண்டும். சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. மண்ணுக்குள் கிடக்கிற கூட்டுப்புழுவெல்லாம் மேலே வந்து வெயிலில் காயும், கொக்கும் மைனாவும் ஏருக்குப் பின்னாலேயே வந்து பொறுக்கும், அடுத்த மழை ஓடாமல் உள்ளே இறங்கும். சரிவுக்குக் குறுக்கே ஓட்டச் சொல்லுங்கள். டிராக்டர்காரர் சீக்கிரம் முடிப்பதற்காக நீளவாக்கில் ஓட்டப் பார்ப்பார், பக்கத்தில் நில்லுங்கள். ஈரம் இரண்டு மூன்று நாளுக்குத்தான் நிற்கும், அதனால் மழை விட்ட அன்றைக்கு ராத்திரியே அவருக்குப் போன் போட்டுவிடுங்கள். விடிந்து போட்டால் உங்களுக்கு முன்னால் பதினைந்து பேர் இருப்பார்கள்.